என்னைத் தவிர எல்லோரும் பார்க்கலாம்

1

நேற்று, செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, ஜப்பானின் வடகிழக்குக் கடற்கரை நகரம் ஒன்றில், ஒன்பது விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருக்க, நான் ஒரு நீண்ட அறையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். முனைவர் பட்டம் வாங்கியவன் போயும் போயும் நடந்து காட்டுகிறானா என்று முடிச்சூரில் யாராவது கேட்டால், ஆமாம், இத்தனை வருடம் படித்து இப்போதுதான் நடக்கக் கற்றுக்கொண்டிருக்கிறான் என்று சொல்லிவிடுங்கள்.

கடல் ஒருமுறை உள்ளே வந்துவிட்டுப் போன ஊர் இது. அந்த நாளின் படங்கள், காணொளிகள், பிழைத்தவர்கள் பேசிய பதிவுகள் எல்லாவற்றையும் எங்கள் ஆய்வகம் ஒரு பெரிய தரவுத்தளத்தில் சேர்த்து வைக்கிறது. மற்ற நாடுகளின் வெள்ளங்களும் அதில் உண்டு. தண்ணீர் கணுக்காலில் இருக்கும்போது ஒருவர் எப்படி நடக்கிறார், இடுப்புக்கு வந்ததும் எப்படி நடக்கிறார், எந்த அளவில் தடுமாறுகிறார் என்பது தெரிந்தால், அடுத்த முறை எப்போது மக்களை வெளியேற்றுவது என்று சொல்ல முடியும். அதனால் நான் எழுதிய தேடலில் சொற்களைத் தட்ட வேண்டியதில்லை. கேமராவின் முன் நடந்தால் போதும். அது உங்களைக் குச்சி மனிதனாக்கும். அந்தக் குச்சி ஆடுவது போலவே ஆடுகிற மனிதர்கள் எந்தக் காணொளியில் இருக்கிறார்கள் என்று எடுத்துக் கொடுக்கும்.

என் நடையைப் பற்றி என் மகள் கயலுக்கு உறுதியான கருத்து உண்டு. "அப்பா, நீங்க நடக்கும்போது ஒரு கைதான் வேலை செய்யுது. இன்னொரு கை லீவு." அவள் இதை ஜப்பானிய மொழியில்தான் சொன்னாள், மரியாதையைச் சேர்த்தது என் மொழிபெயர்ப்பு. வயது பதினான்கு. தமிழில் அவளுக்கு மூன்று வாக்கியங்கள் சரளம்: "தாத்தா, நல்லா இருக்கீங்களா? சாப்பிட்டீங்களா? வைக்கட்டுமா?" ஞாயிறுதோறும் இதைக் கேட்டுவிட்டு முடிச்சூரில் இருக்கும் என் அப்பா சொல்வார், "பிளாட்பாரத்துல அறிவிப்பு குடுக்கற மாதிரியே இருக்குடா. குரல் மட்டும் நல்ல குரல்."

லீவில் இருக்கும் அந்த இடது கை அப்பாவினுடையது. தாம்பரம் மின்சார ரயில் பணிமனைக்கு முப்பத்து நான்கு வருடம் இடது கையில் டிபன் கேரியரோடு போய்வந்தவர். தோள் ஒரு பக்கம் இறங்கி, கை உடம்போடு ஒட்டிக்கொண்டது. நான் எதையும் சுமக்காமலேயே அந்தச் சாய்வை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

நடந்து முடித்ததும் பெரிய திரையில் முடிவுகள் வந்தன. முதல் முடிவு, முந்தின நாள் ஒத்திகையில் நடந்த நானே. விருந்தாளிகள் கைதட்டினார்கள். இரண்டாவது முடிவு ஒரு சாம்பல் நிறக் கட்டம். உள்ளே ஒரு பூட்டு. அதன் கீழே: இந்தப் பதிவைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை. இடம்: முடிச்சூர், மேற்குத் தாம்பரம்.

2

அந்தப் பூட்டைச் செய்ததும் நான்தான்.

யார் எதைப் பார்க்கலாம் என்று விதி எழுதுவது எங்கள் தொழிலில் பாதி. வழக்கமாக, பார்க்கலாம் என்பவர்களின் பட்டியல் போதும். ஆனால் இந்த ஊரில் ஓர் அம்மாள், தன் பேச்சை உலகமே கேட்கலாம், தன் மகன் மட்டும் கேட்கக் கூடாது என்றார். அதற்காக, பெயர் சொல்லித் தடுக்கிற வசதி ஒன்றைச் செய்தேன். தடை எழுதப்பட்டவர் ஆய்வகத்து ஆளாகவே இருந்தாலும் தடை தடைதான். அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, மாநாட்டில் வாசித்து, பரிசாக ஒரு பேனாகூட வாங்கினேன்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் பகுதியை மூழ்கடித்த அந்தப் பெருமழையின் காணொளிகளையும் சேர்க்கலாம் என்று போன வருடம் நானே முன்வந்தேன். எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் இணைப்பைப் போட்டேன். படிவத்தைத் தமிழில் எழுதியதும் நானே: "இப்பதிவினைக் காணத் தகாதவர் எவரேனும் உளராயின் அன்னார் பெயரைக் குறிப்பிடுக." அப்பா அதைப் படித்துவிட்டுப் போன் செய்தார். "ஏன்டா, படிவம் போடறியா, கல்வெட்டு வெட்டறியா?"

நாற்பதுக்கும் மேல் காணொளிகள் வந்தன. யார் யாரைத் தடுத்திருக்கிறார்கள் என்று நான் பார்க்கவில்லை. தமிழர்கள் அந்தக் கேள்வியை நிரப்பவே மாட்டார்கள் என்று நினைத்தேன்.

இன்னொரு தவறும் உண்டு. பூட்டிய பதிவு பூட்டியிருக்கிறது என்பதுகூட வெளியே தெரியக் கூடாது. முதலாண்டு மாணவனுக்குச் சொல்லித்தரும் பாடம் இது. சொல்லித்தருவதும் நான்தான். ஆனால் என் நடைத் தேடல், பூட்டிய காணொளிக்குள்ளும் புகுந்து தேடி, "உள்ளே ஒருத்தர் இருக்கிறார், உங்களுக்குக் காட்ட மாட்டேன்" என்று ஒன்பது பேர் முன்னால் என்னிடம் சொல்லிவிட்டது.

எங்கள் பேராசிரியர் தன் மடிக்கணினியில் அதே தேடலைத் திறந்தார். அவர் திரையில் சாம்பல் கட்டம் இல்லை. அங்கே காணொளி இருந்தது. ஓட்டினார். எனக்குத் திரை தெரியவில்லை, அவர் முகம்தான் தெரிந்தது. சற்று நேரம் பார்த்தார். பிறகு இரண்டு கைகளாலும் மெதுவாக மூடியைச் சாத்தினார்.

"மோகன்-சான், உங்கள் அப்பா நலமாக இருக்கிறாரா?"

"நேற்றுகூடப் பேசினேன். நலம்."

"நல்லது," என்றார். விருந்தாளிகளைப் பார்த்துக் குனிந்து வணங்கி, தேநீர் குடிக்கலாமே என்றார். நிகழ்ச்சி நிரலில் தேநீர் இல்லை. நிகழ்ச்சி நிரலை மீறி அந்த மனிதர் தண்ணீர்கூடக் குடித்து நான் பார்த்ததில்லை.

நடைக்கூடத்தில் அவரைப் பிடித்தேன். என்ன பார்த்தீர்கள்?

"கொடுத்தவர் உங்கள் பெயரை எழுதியிருக்கிறார். உங்கள் பெயரை மட்டும்."

"பேராசிரியரே, அதில் இருப்பது என் அப்பா."

"தெரிகிறது. அதனால்தான் எழுதியிருக்கிறார்."

3

மற்ற நாளாக இருந்தால் நான் இதை ஒரு வாரம் யோசித்திருப்பேன். நேற்று அப்படி யோசிக்க முடியவில்லை. சென்னையில் மூன்று நாளாக மழை. எச்சரிக்கைமேல் எச்சரிக்கை. ஏரியைத் திறக்கப்போகிறார்கள் என்று தெருக் குழுவில் ஒருவர் போட, திறந்துவிட்டார்கள் என்று இன்னொருவர் போட, இரண்டையும் நம்ப வேண்டாம் என்று மூன்றாமவர் போட்டிருந்தார். அம்மா போனபிறகு அப்பா கீழ்த்தளத்தில் தனியாக இருக்கிறார். வயது எழுபத்தாறு. மாடியில் ஷகிலா அக்காவும் அவர் கணவர் பஷீர் பாயும். பாய்க்குப் பம்மலில் தோல் பை தைக்கிற பட்டறை. அந்தப் பெருமழையின்போதும் இதே மூவர்தான் அந்த வீட்டில்.

அப்பாவைக் கூப்பிட்டேன்.

"அப்பா, மாடிக்குப் போயிடுங்க."

"எதுக்கு? போன தடவை அவ்ளோ பெரிய மழையிலயே முழங்கால்தான்டா. இது கணுக்காலோட போயிடும். டீவிக்காரன் பொழப்புக்குக் கத்தறான்."

"முழங்கால்தானா? நிச்சயமா?"

"என் முட்டி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா? நீ சாப்டியா?"

"சரிப்பா, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போன் பண்ணிடுங்க. மறக்காம."

"டயம் தவறாது," என்றார். ரயில்வேக்காரர்.

முழங்கால் என்று அன்றும் அவர்தான் சொன்னார். நான் நம்பினேன். அந்த முழங்காலை வைத்துத்தான் இன்றும் கீழேயே இருப்பேன் என்கிறார். பேராசிரியர் பார்த்த தண்ணீர் முழங்கால் தண்ணீர் என்றால் எதற்குத் தேநீர்?

உடனே கிளம்பிவிடலாம் என்று அலுவலகத்துக்கு ஓடினேன். விடுப்புப் படிவத்தில் காரணம் எழுத வேண்டும். பதற்றத்தில் என் ஜப்பானிய மொழி எப்போதும் போலக் காலைவாரியது. அப்பா வெள்ளத்தில் மாட்டிக்கொள்ளலாம் என்று எழுத நினைத்து, அப்பா வெள்ளத்தில் போய்விட்டார் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அங்கிருந்த அம்மாள் எழுந்து நின்று ஆழமாகக் குனிந்தார். பிறகு என் படிவத்தை ஒதுக்கிவிட்டு வேறொன்றை எடுத்து வைத்தார். துக்க விடுப்பு. அதற்கு ஒரே ஓர் அதிகாரியின் முத்திரை போதும். உயிரோடு இருக்கும் அப்பாவைப் போய்ப் பார்க்க நான்கு முத்திரை. நான் இல்லை இல்லை என்று கையை ஆட்டினேன். இறந்தவர் பெயர் என்று அதில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்ததும் அந்தத் தாளை அவர் பக்கமே தள்ளிவிட்டு, என் படிவத்தையே திருத்திக் கொடுத்தேன். நான்கு முத்திரையும் கிடைத்தால்கூட, சென்னையில் விமானம் இறங்குமா என்று யாருக்கும் தெரியாது.

என் மேசைக்குத் திரும்பினேன். அந்தக் காணொளி என்னிடமிருந்து இரண்டு கட்டளை தூரத்தில் இருந்தது. தரவுத்தளத்தின் அடித்தளத்துச் சாவி என்னிடம் உண்டு. அந்த வழியாகத் திறந்தால் பூட்டு ஒன்றும் செய்யாது. திறந்தவர் யார் என்று கொடுத்தவருக்குத் தகவல் போகும். அதையும் நிறுத்தி வைக்க எனக்குத் தெரியும். முதல் கட்டளையைத் தட்டிவிட்டுக் கையை எடுத்தேன். நேர்மை என்று நினைத்துவிடாதீர்கள். பயம். என்னைப் போலவே நடக்கிற ஒருவர் தண்ணீருக்குள் என்ன ஆகிறார் என்று தனியாக உட்கார்ந்து பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

கட்டளையை அழித்துவிட்டு, மற்ற ஜனங்களுக்காக நான் வைத்திருந்த பொத்தானை அழுத்தினேன்: அனுமதி கோருக.

4

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. "தங்கள் வேண்டுகோள் ஏற்கப்படவில்லை." என் சொந்தத் தமிழ் என்னையே அடித்தது. அடுத்த நிமிடம் போன் அடித்தது. ஷகிலா அக்கா. பின்னால் மழைச் சத்தம், தகரத்தில் கொட்டுவது போல.

"இன்னா தம்பி, வேண்டுகோள் கீண்டுகோள்னு அனுப்பிக்கினு? நேரா போன் பண்ணிக் கேட்டா இன்னாவாம்?"

"கேட்டா காட்டுவீங்களாக்கா?"

"மாட்டேன். சாரு சத்தியம் வாங்கிக்கினாரு. பையனுக்குத் தெரியக் கூடாதுன்னு."

"அப்ப எதுக்கு ஊருக்கே போட்டீங்க?"

"நாலு பேருக்குப் பிரயோஜனம்னு நீங்கதானே எழுதியிருந்தீங்க? நாலு பேரு பாக்கட்டும். நீங்க பாக்க வேணாம்."

"அக்கா, அப்பா கீழயே இருக்கேங்கறாரு. போன தடவை முழங்கால்தானாம்."

"முழங்காலா? தம்பி, நான் வீடியோ எடுத்துக்கினு நின்னது மாடிப்படில ஏழாவது படி. ஆறாவது படி தெரியல. மார் தண்ணி."

"அப்பா எங்க இருந்தாரு?"

"எங்க வூட்லதான். காலைலயே மேல இஸ்துக்கினு வந்துட்டோம். டீ குடிச்சுக்கினு பத்திரமாத்தான் இருந்தாரு. அவரு கீழ எறங்கினது உங்களாலதான் தம்பி. சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். கேக்குறீங்க, சொல்லிட்டேன்."

"என்னாலயா?"

"ஆறு மணி நேரத்துக்கு ஒரு தபா போன் வரலைன்னா செத்துட்டதா எடுத்துப்பேன்னு சொன்னீங்களாமே."

சொன்னேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. எங்கோ இருக்கிற கணினி உயிரோடு இருக்கிறதா என்று அறிய, இத்தனை நேரத்துக்கு ஒருமுறை ஒரு சின்னத் துடிப்பை அனுப்பச் சொல்வோம். துடிப்பு வராவிட்டால் அது இறந்ததாக அறிவித்துவிட்டு, அதன் வேலையை வேறொன்றுக்குக் கொடுப்போம். எளிய விதி. கணினிகளுக்குப் பொருந்தும். அந்தப் பெருமழை தொடங்கிய அன்று அதை அப்பாவுக்கும் விளக்கி, வேடிக்கையாக, விதியாகவும் போட்டேன். வராவிட்டால் லீவு போட்டுவிட்டுக் கிளம்பி வந்துவிடுவேன் என்றும் சொன்னேன். அவர் சிரித்தார். வாழ்நாள் முழுக்கக் கால அட்டவணைக்கு வேலை பார்த்தவர் ஆறு மணி நேரம் என்றால் ஆறு மணி நேரம்தான் என்று எடுத்துக்கொள்வார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஷகிலா அக்கா விடாமல் சொன்னார். "யாரு போன்லயும் டவர் இல்ல. தாம்பரம் பாலத்து மேல போனா கெடைக்குதுன்னு யாரோ சொன்னாங்க. 'பையன் பேஜாராயிடுவான், வேலைய வுட்டுட்டு வந்து நிப்பான்'னு எறங்கிட்டாரு. மொத தபா போனாரு, வந்தாரு. ரெண்டாவது தபா வாசக் கேட்டாண்ட கால்வாய் ஸ்லாப்பு பேந்துகினு போயிருந்துது. யாருக்குத் தெரியும்? அப்படியே உள்ள போயிட்டாரு. கை ஒண்ணுதான் தெரிஞ்சுது. நான் போனைப் புடிச்சுக்கினே கத்தறேன். பட்டறைலேந்து கொண்டாந்த தோல் வாரு ஒரு கட்டு வூட்ல கெடந்துது. எங்க வூட்டுக்காரருதான் ஒண்ணோட ஒண்ணு முடிச்சுப் போட்டு வீசினாரு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா. மேல தூக்கிக்கினு வந்து தலைய தொவட்டி வுட்டோம். இருமிக்கினே இருந்தாரு. சட்டைய மாத்திக்கினு மறுபடியும் கெளம்பிட்டாரு தம்பி. எங்களால புடிக்க முடியல. 'டயம் ஆயிடுச்சு, டயம் ஆயிடுச்சு'ங்கறாரு."

அந்த அழைப்பு எனக்கு நினைவிருக்கிறது. தெரியாத எண், பாலத்தில் யாரிடமோ இரவல் வாங்கிய போன். சுற்றிலும் ஜனங்களின் சத்தம். அப்பா இருமினார். முழங்கால் தண்ணிதான், ஒண்ணும் இல்லடா என்றார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பது நிமிடம் லேட் என்று அவரிடம் கோபித்துக்கொண்டேன்.

நேற்று காலை அந்த ஆறு மணி நேரத்தை நான் இரண்டாகக் குறைத்திருந்தேன்.

5

இந்த முறை நான் கூப்பிட்டபோது முதல் மணியிலேயே எடுத்தார்.

"இப்பத்தான்டா உனக்குப் பண்ணலாம்னு. டயம் ஆச்சு இல்ல."

"அப்பா, மாடிக்குப் போங்க. இப்பவே. அப்புறம் எனக்குப் போன் பண்ண வேண்டாம்."

"ஏன்டா, சண்டையா?"

"சண்டை இல்லப்பா. டவர் போனா போகட்டும். ஒரு நாள் ஆனாலும் சரி, நாலு நாள் ஆனாலும் சரி. எனக்காக நீங்க படி எறங்கக் கூடாது. ரெண்டு மணி நேரம்னு சொன்னதை எடுத்துட்டேன்."

"நீ அங்க கெடந்து அடிச்சுக்குவியே."

"அடிச்சுக்கறேன். அது என் பாடு."

"ஷகிலா சொல்லிட்டாளா?"

"யாரும் ஒண்ணும் சொல்லலப்பா."

"முழங்கால்தான்டா அன்னிக்கு."

"தெரியும்பா. முழங்கால்தான்."

"சரி. மாத்திரை டப்பாவையும் கண்ணாடியையும் எடுத்துக்கறேன். போறேன்," என்றார். பிறகு, "டயம் எதுவும் இல்லேங்கற?"

"டயம் எதுவும் இல்ல."

"நல்லா இருக்குடா இது," என்றார் அப்பா. ஓய்வு பெற்ற அன்றுகூட அவர் குரல் அப்படித் தளர்ந்து நான் கேட்டதில்லை.

நான்கு மணிக்கு ஷகிலா அக்காவிடமிருந்து ஒரு வரி வந்தது. "சாரு மேல வந்துட்டாரு. தெருல தண்ணி ஏறுது. கரண்டு இல்ல. டவர் போவும்போல." அதற்குப் பிறகு தெருக் குழுவே அடங்கிவிட்டது. ஏரியைத் திறந்தார்களா இல்லையா என்று சண்டை போடக்கூட ஆள் இல்லை.

இதை எழுதுவது புதன்கிழமை மாலை. எங்கள் தொழில் விதிப்படி என் அப்பா இதுவரை பதின்மூன்று முறை இறந்துவிட்டார். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் போகாது, ஆனாலும் கூப்பிடவில்லை என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். வேறு பெருமை கைவசம் இல்லை. நான்கில் மூன்று முத்திரை கிடைத்துவிட்டது. சென்னைக்கு விமானம் எப்போது என்று கேட்டால், விமான நிறுவனத்துப் பெண் என்னைவிட அதிகமாக மன்னிப்புக் கேட்கிறாள். மனைவி வேலையிலிருந்து இரண்டு முறை கேட்டுவிட்டாள். பேராசிரியர் ஒன்றும் கேட்கவில்லை. என் மேசையில் ஒரு ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுப் போனார்.

கயல் பள்ளியிலிருந்து வந்ததும் என் எதிரே உட்கார்ந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நாற்பது நிமிடம் லேட் என்று கோபித்துக்கொண்டதையும். அவள் சிரிப்பாள், அல்லது எழுந்து அறைக்குப் போய்விடுவாள் என்று நினைத்தேன். நெடுநேரம் யோசித்து, ஒவ்வொரு சொல்லாகத் தேடி, தமிழில் கேட்டாள்.

"தாத்தா இப்போ... கீழே... இறங்க மாட்டார்தானே?"

"சொல்லிட்டேன்."

"சொன்னா கேப்பாரா?"

தெரியவில்லை. எழுபத்தாறு வயதில் ஒரு மனிதர், நேரம் எதுவும் இல்லை என்று மகன் சொல்லிவிட்டதால் உட்கார்ந்திருப்பாரா, அல்லது பையன் அடித்துக்கொள்வானே என்று சட்டையை மாற்றிக்கொண்டிருப்பாரா? அங்கே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரா? ஷகிலா அக்கா படியை மறித்து உட்கார்ந்திருப்பார் என்று நம்புகிறேன். பஷீர் பாய் பக்கத்தில் இருப்பார் என்று நம்புகிறேன்.

ஊரைவிட்டு வந்த நாளிலிருந்து, போன் அடிக்கவில்லையே என்றுதான் பயந்திருக்கிறேன். இன்று அப்படி இல்லை. டவர் இல்லாத ஊரிலிருந்து இப்போது தெரியாத எண் ஒன்று அடித்தால், சுற்றிலும் ஜனங்களின் சத்தம் கேட்டால், அவர் இறங்கிவிட்டார் என்று அர்த்தம்.

மேசைமேல் போன் கிடக்கிறது. அடிக்காதே, அடிக்காதே என்று நானும் கயலும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.